விற்குமுன் செலவு

பள்ளத்தூரில் என் தகரக் கொட்டகையில் நிற்கிறது
அறுபத்து நாலாம் வருஷத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு.
என் வெள்ளிக் குடம் மூன்றையும் விற்றுத் தின்றவர்
ஈடாக விட்டுப்போனது.
சாமான் சிட்டையில் குடத்துக்கு நேரே
'கார்' என்று எழுதி
கணக்கை முடித்துக்கொண்டேன்.

தேவகோட்டை ரஸ்தாவிலிருந்து சவரிமுத்து வந்தார்.
வண்டியின் முகத்தை மொத்தமாகத் தூக்கி
முன்பக்கம் சாய்த்தார்.
இதற்கு வாய் அப்படித்தான் திறக்கும்.
அவர் டார்ச் அடித்துச் சொல்லச் சொல்ல
பழைய கரன்ட் பில்லின் முதுகில் எழுதினேன்.

கார்புரேட்டர் இரண்டாயிரத்து எண்ணூறு.
பிரேக், நாலு சக்கரமும், ஒன்பதாயிரம்.
டிரைவர் காலடித் தகடு துரு, வெல்டிங் ஐயாயிரம்.
சீட்டு ரெக்சின் பன்னிரண்டாயிரம்.
பெயிண்ட்
என்று ஆரம்பித்தேன்.
"அதை எழுதாதீங்க ஆச்சி.
புதுப் பெயிண்டைப் பாத்தா, வர்றவன்
அடியில என்னத்த மறைச்சிருக்காங்கன்னு தட்டிப் பாப்பான்.
மங்கிக் கெடந்தா அவனே நம்பிருவான்."

நான் செராக்ஸ் கடை வைத்திருக்கிறேன்.
போட்ட காசு திரும்புமா என்பதைத் தவிர
வேறு கேள்வி தெரியாது எனக்கு.
பிரேக் போட்டால் விலை ஏறுமா?
"ஏறாது. போடலேன்னா
ஓட்டிப் பாக்குறவன் ஊருணிக்குள்ள இறக்கிருவான்."
சரி, பிரேக்.
சாவியைத் திருப்பியும் உறுமாத வண்டிக்கு
எவன் நின்று விலை கேட்பான்?
கார்புரேட்டரும் சரி.
சீட்டுக் கிழிசல் கிழிசலாகவே இருக்கட்டும்.
தகட்டை, மிதியடியைத் தூக்கி நானே காட்டுவேன்.
ஐயாயிரத்து வேலைக்கு
எவனும் ஐயாயிரம் குறைத்துக் கேட்கமாட்டான்.

வீல் கப் ஒன்று காணோம்.
காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் தேடினேன்.
பழைய சாமான் கடையில் அதே கப்,
நடுவில் முள் பொருத்தி
சுவர்க்கடிகாரம் ஆகியிருந்தது.
நாலாயிரத்து ஐந்நூறாம்.
மணிகூடச் சரியாகக் காட்டவில்லை.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
மூன்று கப்போடு போகட்டும் வண்டி.

பதினோராயிரத்து எண்ணூறு.
கூட்டிக் கோடு கிழித்தேன்.

வேலையெல்லாம் முடிந்து கை துடைக்கும்போது
சவரிமுத்து சொன்னார்:
"இடது கதவு உள்ளேருந்து தெறக்கல ஆச்சி.
முந்நூத்தம்பது ஆகும். விடுங்க,
வாங்க வர்றவன் ஓட்டுற பக்கந்தானே உக்காருவான்."

தெரியும்.
பதினோரு வருஷமாகத் தெரியும்.
கொப்புடையம்மன் கோயில் வாசலில்,
கல்யாண மண்டபங்களில்
வண்டி நின்ற பிறகும் உட்கார்ந்திருப்பேன்.
அவர் இறங்கி, வேட்டியை உதறிக் கட்டி,
சுற்றி வந்து திறக்க வேண்டும்.
"இப்படியும் ஒரு புருஷனா!" என்றாள்
என் நாத்தனார் சிகப்பி. பாராட்டுத்தான்.
சண்டை போட்ட நாளில் அவர் சுற்றி வரமாட்டார்.
புதுவயலில், ஒரு மே மாதம்,
டீக்கடை பெஞ்சில் பேப்பர் முழுவதும் படித்தார்.
கண்ணாடியை இறக்கி
கையை வெளியே விட்டால் திறந்திருக்கும்.
தோன்றவில்லை என்று சொல்லமாட்டேன்.

"போடுங்க."
"விலை ஏறாது ஆச்சி."
"போடுங்க."

அரைமணி வேலை.
ஒரு கம்பி, ஒரு கொக்கி, கொஞ்சம் கிரீஸ்.
அவர் போன பிறகு ஏறி உட்கார்ந்து
திறந்தேன். மூடினேன்.
கடை திறக்க அன்று நேரமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர்க்காரர் வந்தார்.
தட்டினார், படுத்து அடியில் பார்த்தார்.
மிதியடியைத் தூக்கிக் காட்டினேன்.
மூவாயிரம் குறைத்தார்.
ஓட்டிப் பார்க்க நீங்களும் வாங்க என்றார்.
ஊருணிக் கரை வரை போய் நிறுத்தினார்.
மரியாதை தெரிந்த மனிதர்,
இறங்கி என் பக்கம் சுற்றி வந்தார்.
அதற்குள் நான்
வெளியே நின்று
புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"பிரேக் நல்லாப் பிடிக்குது" என்றார்.